தொப்பிக்கு அடியில்

பல்லுக்குப் போடும் ஜிர்கோனியா கேப்புக்கு வாரன்டி கார்டு தருகிறார்கள். ஏ.டி.எம். கார்டு அளவில் பிளாஸ்டிக் அட்டை, ஒரு சீரியல் நம்பர், கம்பெனி பெயருக்குக் கீழே ‘10 ஆண்டுகள்’. மிக்ஸி, ஃபிரிட்ஜ் கார்டுகள் இருக்கும் கவரிலேயே என் மனைவி அதையும் போட்டு வைத்துவிட்டாள். அந்த உத்தரவாதம் கேப்புக்கு மட்டும்தான். அதற்கு அடியில் ரூட் கேனல் என்று ஒரு வேலை நடந்ததே, அதற்கு எந்தக் கம்பெனியும் கார்டு அடிக்காது. பல் நிற்பதும் போவதும் பெரும்பாலும் அந்த வேலையில்தான் இருக்கிறது. ஆனால் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் “கேப் போட்டாச்சா, என்ன கேப், எவ்வளவு ஆச்சு?” என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்குப் போனது வலது கீழ்க்கடைவாய்ப் பல், கடைவாயில் முதலாவது. அது ஆறு வயதிலேயே முளைத்துவிடும். எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். சொத்தை விழுந்தால் “விழுந்து முளைக்கும், விடு” என்பார்கள். முளைக்காது. நிரந்தரப் பற்களில் முதலில் வேலைக்குச் சேர்ந்து, முதலில் சொத்தையாகிறதும் பெரும்பாலும் அதுதான்.

என் அப்பா காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம், பிடுங்குவது. அதற்கு முன்னால் கிராம்புத் தைலம், கண்டங்கத்திரி விதைப் புகை. புகை போட்டுப் ‘பூச்சி’ எடுத்துக் காட்டுகிறவர்களும் இருந்தார்கள். பல்லில் பூச்சி கிடையாது. ஆனால் காட்டினார்கள், பார்த்தவர்கள் நம்பினார்கள். பிடுங்கியபின் செட் கட்டிக்கொள்வது. சென்னையில் அதற்குச் சீனக் குடும்பங்கள் நடத்திய கிளினிக்குகளைத் தேடிப் போவார்கள். ஹூபே மாகாணத்திலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக அதையே செய்தவர்கள். பிடுங்குவதும் கட்டுவதும் அன்றைக்குத் தெரிந்த வழி. பல்லைப் பிடுங்காமல் அதன் உள்ளேயே போய் வேலை பார்க்கலாம் என்பது சாதாரண வீடுகளுக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று.

எனக்கு அந்த வேலை நடந்தபோது, முதலில் மரத்துப்போக லிக்னோகைன் ஊசி. ஸ்வீடனில் 1943இல் கண்டுபிடித்தது, இன்றும் அதுதான் ஓடுகிறது. பிறகு டாக்டரம்மா ஒரு பச்சை ரப்பர் துணியில் ஓட்டை போட்டு, என் பல்லை மட்டும் அதன் வழியே வெளியே இழுத்து, கிளிப் மாட்டினார். வாயின் மற்ற பாகம் முழுக்கத் துணிக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளே சுத்தம் செய்யும்போது எச்சில் போகக்கூடாது, எச்சிலோடு கிருமியும் போகும். நியூயார்க்கில் ஒரு டாக்டர் 1864இல் செய்த ஏற்பாடு இது. பல கிளினிக்குகளில் இதைப் போடுவதே இல்லை. நேரம் பிடிக்கும், நோயாளி முகத்தைச் சுளிப்பார். லட்ச ரூபாய் மெஷின்களைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டுகிறவர்கள், சில ரூபாய் ரப்பர் துணியை விட்டுவிடுகிறார்கள். கிளினிக் எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் அந்தத் துணி போடுகிறார்களா என்று பார்க்கத்தான் சொல்வேன்.

டிரில்லின் அந்தக் கீச்சுச் சத்தம் 1957க்குப் பிறகு வந்தது. காற்றின் அழுத்தத்தில் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சத்தம் போடும் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பது கிட்டத்தட்ட அமைதியான வேலை. உதட்டோரத்தில் ஒரு சின்னக் கொக்கி, அதிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போகிறது. மயிரிழை போன்ற ஊசியை வேரின் குழாய்க்குள் இறக்க இறக்கப் பெட்டி ‘பீப்’ என்று கூப்பிடுகிறது. நுனியை நெருங்கினால் பீப் வேகமாகிறது. வேர் எங்கே முடிகிறது என்பதை மின்தடையை வைத்துக் கண்டுபிடிக்கிறது அது. ஊசி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த உலோகம். வளைந்த வேருக்குள் வளைந்தே போய்விட்டு, வெளியே வந்ததும் பழையபடி நேராகிவிடும்.

இடையிடையே மருந்தைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். நீச்சல்குளம் மாதிரி ஒரு வாடை. சோடியம் ஹைப்போகுளோரைட், வெள்ளைத் துணிக் கறைக்கு வீட்டில் ஊற்றுவோமே, அதே சரக்கு. உள்ளே இருக்கும் சதைத்துணுக்கைக் கரைத்து, கிருமியையும் கொல்கிறது.

கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டு, குழாய் பெரும்பாலும் மூன்று. சிலருக்கு நான்கு. மூன்றும் முடிந்தபிறகும் டாக்டரம்மா கண்ணாடியில் மாட்டிய லென்ஸ் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அசிஸ்டென்ட் பெண் அடுத்த ஆளைக் கூப்பிடலாமா என்று வாசலில் வந்து நின்றாள். “இரும்மா” என்றார். கொஞ்ச நேரம் தரையைத் துழாவுவதுபோல் ஒரு கூரான கம்பியால் தடவிவிட்டு, “நாலாவது இருக்கு சார்” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதை விட்டிருந்தால் அதற்குள் இருந்த கிருமிகள் அங்கேயே இருந்து, வேர் நுனியில் சீழ் கட்டி, இரண்டொரு வருடம் கழித்துப் பல் திரும்ப வலித்திருக்கலாம். மேலே எந்த விலைக்குக் கேப் போட்டிருந்தாலும் சரி.

சுத்தம் செய்த குழாயை அடைக்க இளஞ்சிவப்பில் மெல்லிய குச்சிகள். கட்டா பெர்ச்சா என்று பெயர், மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1851இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் தந்திக் கம்பி இழுத்தபோது உப்புத்தண்ணீர் புகாமல் சுற்றியது இதைத்தான். இந்தப் பாலுக்கு ஆசைப்பட்டு மரங்களை வெட்டித் தள்ளினார்கள். தந்தி போயே போய்விட்டது. பல்லுக்குள் மட்டும் கட்டா பெர்ச்சா இன்னும் இருக்கிறது. அதுவும் குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால், மிச்சம் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு.

பிறகு வருவது எல்லோருக்கும் தெரிந்த கட்டம். பல்லைச் சுற்றிலும் செதுக்கி அளவு எடுப்பது. முன்பெல்லாம் ஒரு தட்டில் களிம்பை நிரப்பி வாயில் அழுத்தினால், தொண்டைக்குள் வழிந்து குமட்டிக்கொண்டு வரும். இப்போது பேனா மாதிரி ஒரு கேமராவைப் பல் மேல் நகர்த்துகிறார்கள், திரையில் பல் வரிசை துண்டு துண்டாகச் சேர்ந்து முழுசாகிறது. கம்ப்யூட்டரில் பல் வரைந்து மெஷினில் கடைவதை 1985இல் ஸூரிக் பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். நிறம் பார்க்க ஒரு கொத்து மாதிரிப் பற்கள். ஏ1, ஏ2, ஏ3 என்று நம்பர். டாக்டரம்மா என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “ஏ3” என்றார். மனைவிக்குத் திருப்தியில்லை.

“இன்னும் கொஞ்சம் வெள்ளையா போடலாமே டாக்டர்?”

“போடலாம்மா. அப்ப மிச்சப் பல்லையெல்லாம் மாத்தணும்.”

யார் கண்ணுக்கும் படாத கடைவாய்ப் பல்லுக்கு இவ்வளவு பேச்சு.

லேப் பக்கத்துத் தெருவில்தான் என்றதும் போய்ப் பார்த்தேன். ஜிர்கோனியா வட்டத் தகடாக வருகிறது, நகத்தால் கீறினால் தூள் உதிரும். நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே, அதுவும் இதே ஆக்சைடுதான், வேறு படிக வடிவம். மெஷின் அதைக் கடைந்து ஒரு பல்லை எடுத்தது. என் பல் இவ்வளவு பெரிதா என்று தோன்றியது. “வேக வச்சா சுருங்கும் சார்” என்றார் அங்கிருந்த தம்பி. 1,500 டிகிரியில் வேகும்போது அளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்குமாம். பச்சை மண் பானை சூளையில் சுருங்குவது மாதிரிதான். எவ்வளவு சுருங்கும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பெரிதாகக் கடைகிறது.

இத்தனைக்கும் பிறகு கடைசி முடிவு ஒரு நீலக் காகிதத்திடம் இருந்தது. “கடிங்க சார். தட்டுங்க. பக்கவாட்டுல அரைங்க.” நீலம் ஒட்டிய இடத்தைத் துளி துளியாகத் தேய்த்தார். கண்ணுக்கே தெரியாத மேடு, ஆனால் எனக்குத் தட்டியது. உள்ளே நரம்பை எடுத்துவிட்ட பல்லுக்கு எப்படித் தெரியும்? பல்லைச் சுற்றி எலும்போடு கட்டி வைத்திருக்கும் மெல்லிய நார்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவற்றின் நரம்பும் இருக்கிறது. ரூட் கேனல் செய்த பல்லைச் செத்த பல் என்பது பாதிதான் சரி. இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு தலைமயிர் சிக்கினாலும் அந்த நார் சொல்லிவிடும்.

பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட்டில் அந்த நார் கிடையாது. 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரேனமார்க் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். முடிந்ததும் கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965இல் மனித வாயில் வைத்த முதல் இம்ப்ளான்ட்டுகள், அந்த நோயாளி இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் உழைத்தன. பல்லே இல்லாதவர்களுக்கு அது வரம்தான். ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லையும் “எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சிரலாம்” என்று சுலபமாகச் சொல்கிற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் மாடி வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். சோற்றில் கல் கிடந்தால் மற்றப் பக்கம் உடனே தெரியுமாம். இந்தப் பக்கம் ‘நறுக்’கென்று சத்தம் கேட்டபிறகுதான் தெரியும் என்கிறார். அதில் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை. தேங்காய்ப் பத்தையைக் கடிக்க முடிகிறதே, அது போதும் அவருக்கு.