பழி மட்டும் ராஜகிரிக்கு

2025-ல செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. ஊர்க்காரன் நானே ஏறலைன்னா எப்படின்னு ஒரு ஞாயித்துக்கிழமை ராஜகிரிக்குக் கிளம்பினேன். சுமார் 800 அடி உயரம். ஏறி இறங்கியாச்சு. மறுநாள் கட்டில்லேர்ந்து எழ முடியல. டிஸ்க் போச்சு, வேலையும் போச்சுன்னு பயந்துட்டேன்.

டாக்டர் கேட்டார்: "தினம் எத்தனை மணி நேரம் உட்கார்றீங்க?"

பொட்டி தட்டுற பொழப்பு, பத்து மணி நேரம்னேன். சிரிச்சார். உட்கார்ந்தே பலமிழந்த தசை, திடீர்னு மலை ஏறினா பிடிச்சுக்குமாம். குனிஞ்சபடி பாரம் தூக்கினாலும் இதே கதைதான். பெரும்பாலான இடுப்பு வலிக்குப் பின்னால பெரிய கோளாறு இருக்காதாம். படுத்தே கிடக்காம மெதுவா நடக்கச் சொன்னார். ஆனா கால் மரத்துப் பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ தாமதிக்கவே கூடாதாம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பெருசா விளக்கினேன். அம்மா தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னாங்க: "நாத்து நட்ட காலத்துலேர்ந்து எனக்கும் இருக்குடா."

இத்தனை வருஷமா ஒரே வீடு. ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல.

என் வலி ஒரு வாரத்துல போயிடுச்சு மக்களே. நாளைக்கு அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.