உலைக்குள் வளரும் வளையம்

ஈ.ஸி.ஐ.எல். என்ற மின்னணு ஸ்தாபனத்தை உருவாக்கிய ஐயகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய, ஹைதராபாத்திலுள்ள ஏ.எஸ்.ராவ் நகரில், கருவிகளோடும் உலைகளோடும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர்கள் பலர் வசிக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான என் அண்டை வீட்டுக்காரர், இரும்புத் தாதைச் சுழல் உலையிலிட்டு நிலக்கரியின் துணையால் ஸ்பாஞ்ச் அயர்ன் ஆக்கும் தொழிலில் இருந்தவர். மாலை நடையில் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், உலைக்குள் படியும் ‘அக்ரீஷன்’ என்ற இறுகலில்தான் வந்து நிற்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அவ்விஷயத்தில் பற்று உண்டாகிவிட்டது.

நிலக்கரியைக் கொண்டு நடக்கும் இத்தொழில் நம் தேசத்தில் வேர்விட்ட இடமும் தெலங்கானாவே. கோத்தகூடத்தை அடுத்த பால்வஞ்சாவில், சிங்கரேணிக் கரியை நம்பி அமைந்த ஸ்பாஞ்ச் அயர்ன் இந்தியா லிமிடெட், ஆண்டுக்கு 30,000 டன் கொள்ளளவோடு 1980-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2010-இல் அரசுச் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.ஸி.யுடன் இணைந்தது. நல்ல கோக் கரி அரிதாகவும், சாம்பல் மிகுந்த கரி ஏராளமாகவும் உள்ள ஒரு தேசத்துக்கு அது பெரிய நம்பிக்கையை அளித்தது. ஆனால் அந்தச் சாம்பலே தொல்லைக்கும் மூலம்.

சற்றே சாய்ந்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிஷம் என்ற நிதானத்தில் உருளும் நீண்ட உருளைக்குள், தாதும் கரியும் கலந்து இறங்கும்போது, ஏறக்குறைய 1,000 டிகிரி உஷ்ணத்தில் தாது உருகாமலே தன் பிராணவாயுவைப் படிப்படியாக இழக்கிறது. முழு இரும்பாவதற்கு முந்திய நிலையில், அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பிராணவாயு இன்னும் ஒட்டியிருக்கும் ஃபெரஸ் ஆக்ஸைடாக இருக்கையில், அது சாம்பலிலுள்ள மணற்சத்தைச் சந்தித்தால் ஃபயலைட் என்ற சேர்மம் பிறக்கிறது. இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். இதற்கோ 1,200 போதும், வேறு மாசுகள் கலந்தால் அதுவும் வேண்டாம். காற்றுக் குழாயிலிருந்து சற்று மிகுதியாகக் காற்று புகுந்து ஓரிடத்தில் மட்டும் உஷ்ணம் ஏறினால், அங்கே இது இளகி, பறக்கும் தூளைப் பற்றிக்கொண்டு, உலையின் உட்சுவரில் ஒட்டுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் பூசிய சுண்ணாம்பு பழைய சுவரில் தடிப்பது போலப் படலத்தின்மேல் படலமாக வளர்ந்து, முடிவில் உலையின் குரல்வளையைச் சுற்றி நெரிக்கும் வளையமாகிவிடுகிறது. கொடுமணலிலும் நம் நாட்டின் பிற பழைய உலைக்களங்களிலும் இரும்பெடுத்தவர்கள் இதே ஃபயலைட்டை உருக்கி ஓடவிட்டுத்தான் கசடைப் பிரித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்புத் தீர்வதில்லை. ஓட வழியிருந்தவரை அது உபகாரி, வழியில்லாத உருளையில் சத்துரு.

இதில் என் மனத்தை மிகவும் வருத்தும் அம்சம் ஒன்றுண்டு. சுவரில் பொருத்திய உஷ்ணமானியை இந்த இறுகல் மூடிவிட்டால், அது காட்டுவது மேலோட்டின் உஷ்ணத்தையே தவிர உள்ளே உருளும் சரக்கினுடையதை அல்ல. உஷ்ணம் குறைந்துவிட்டதென்று நம்பி இயக்குபவர் காற்றைக் கூட்ட, வளையம் இன்னும் விரைவாக வளருகிறது. பிறகு சரக்கு தேங்கி, ஊட்டும் முனையிலேயே பின்னோக்கி வழியத் தொடங்கினால், உலையை நிறுத்துவதைத் தவிர வேறு உபாயமில்லை.

நிறுத்திய உலை ஒன்றனுள் நான் ஒருமுறை நுழைந்து பார்த்திருக்கிறேன். கந்தகமும் புழுதியும் கலந்த காற்றில், இன்னும் முழுதும் ஆறாத சுவர்களுக்கு நடுவே, ஒப்பந்தத் தொழிலாளர்கள் தலைக்கு மேலே தொங்கும் பாறையைக் காற்றுச் சுத்தியலால் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அது எந்தக் கணத்தில் எப்பக்கம் பெயரும் என்பது அடிப்பவருக்கும் தெரியாது. தாதின் தூளைச் சலித்து நீக்குவது, சாம்பல் குறைந்த கரியைத் தேர்வது, காற்றை உலையின் நீளம் முழுவதும் பகிர்ந்து விடுவது ஆகிய பரிகாரங்களையெல்லாம் உற்பத்தி நஷ்டத்தை முன்னிட்டே பொறியாளர்கள் பேசுகிறார்கள். என் அண்டை வீட்டுக்காரர் மட்டும், சல்லடையின் கண் தேய்ந்து தூள் நழுவினால் அதற்கு விலை கொடுப்பவன் சுத்தியல் பிடிப்பவன்தான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அவர் பொறுப்பிலிருந்த வரையில், எத்தனை அவசரமானாலும், உலை முற்றிலும் ஆறி, தொங்கும் கட்டிகளை வெளியே நின்று நீண்ட கம்பியால் தட்டி வீழ்த்திய பிறகே ஆட்களை உள்ளே அனுப்பினாராம்.