நீல உடையில் ஒரு பணிப்பெண்



பெண்ணுரிமை என்னும் சொல் செவியில் விழுந்ததும், அது இல்லறத்திற்கு எதிரான குரலோ என அஞ்சுவோர் நம்மிடையே உளர். தென்னாப்பிரிக்காவில் 1982ஆம் ஆண்டு பிறந்த கலைஞர் மேரி சிபாண்டேயின் சிற்பங்களை அவர்கள் காணவேண்டும் என்பது நம் அவா. அங்கே பெண்ணுரிமை, தன் தாயையும் பாட்டியையும் மதிப்பதிலிருந்தே தொடங்குகின்றது.

சிபாண்டேயின் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி ஆகிய மூவரும் பிறர் இல்லங்களில் பணிப்பெண்களாய் உழைத்தவர்கள். கொள்ளுப்பாட்டியின் இயற்பெயர் வெள்ளை எசமானர்களின் நாவில் நுழையவில்லை. எனவே அவருக்கு ‘எல்சி’ எனப் பெயரிட்டு அழைத்தனர். 1948 முதல் 1994 வரை நீடித்த நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை மறுத்தது. அவர்கள் வாழும் இடத்தையும் தானே வரையறுத்தது. பணிப்பெண்களுக்கோ, பெற்றோர் இட்ட பெயரும் பல வீடுகளில் வாசலோடு நின்றுவிட்டது.

இம்மூவரையும் நினைந்து, தம் உடலையே அச்சாகக் கொண்டு, சிபாண்டே ‘சோஃபி’ என்னும் பணிப்பெண்ணின் உருவை வார்த்தார். அவள் உடை, உழைப்பாளர் அணியும் நீல நிறத்தது. ஆயினும் விக்டோரியா அரசியார் காலத்துச் சீமாட்டியின் அங்கியைப் போல் விரிந்து பரந்து கிடக்கின்றது. அதன்மேல் பணிப்பெண்ணின் வெள்ளை முன்றானைத் துணி. கண்கள் மூடியிருக்கின்றன. திறந்தால் கனவு கலைந்துவிடும், துடைப்பம் காத்திருக்கும்.

சோஃபிக்கு அரசியின் உடையை அளித்தவர், அந்த வேலைத் துணியை ஏன் அகற்றவில்லை? உழைப்பில் இழிவில்லை, உழைத்தவளைப் பெயரற்றவளாய் நடத்தியதே இழிவு. இதுவே அச்சிற்பம் நமக்கு உணர்த்தும் பாடம். 2010இல் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின்போது, சோஃபியின் படங்கள் ஜோகன்னஸ்பர்க் நகரின் உயர்ந்த கட்டடங்களில் பேருருவில் காட்சியளித்தன. அடுக்களையில் மறைந்திருந்தவளை ஊரே அண்ணாந்து பார்த்தது.

நைஜீரிய அறிஞர் மொலாரா ஒகுண்டிபே, பெண்ணியம் என்னும் சொல்லுக்கு மாற்றாக 1994இல் ‘ஸ்டிவா’ என்ற பெயரை முன்வைத்தார். ஆப்பிரிக்கச் சமுதாயத்தின் மாற்றத்தில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆண்களைப் பகைப்பது அதன் நோக்கமன்று. அனைவரும் சேர்ந்தே உயரவேண்டும் என்பதே வேட்கை.

நாம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்கின்றீர்கள். காப்பி கொணர்ந்து வைப்பவரையோ ‘வேலைக்காரம்மா’ என்பதோடு விட்டுவிடுகின்றீர்கள். திருமுழுக்கின்போது நாம் பெற்றோரிடம் கேட்கும் முதற் கேள்வி, குழந்தையின் பெயர் என்ன என்பதன்றோ? உங்கள் இல்லத்தில் உழைக்கும் அப்பெண்ணுக்கும் பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று உண்டு. அதனைக் கேட்டறியுங்கள். உங்கள் பிள்ளைகளும் அப்பெயரோடு ‘அக்கா’ எனச் சேர்த்து அழைக்கட்டும்.