விஷ்ணுபூரில் இரண்டு நாட்கள்

விடுப்புக் கிடைத்ததும் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு தெற்கு நோக்கி ரயிலேறுவதே கரக்பூரில் வாழும் நம்மவர் வழக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் அவ்வாறே செய்துவந்தேன். விஷ்ணுபூர் என்னும் நிலையத்தின் பெயரை அலுவலகப் பதிவேட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறையேனும் அங்கே இறங்கியதில்லை.

சென்ற மார்கழியில், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "அப்பா, இந்த மாநிலத்தில் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றுமே பார்த்ததில்லையே! தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?" என்று கேட்டாள். அவள் பிறந்ததே கரக்பூரில். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே மூவரும் புறப்பட்டோம்.

மேதினிபூரைக் கடந்ததும் செம்மண் நிலமும் சால மரக் காடுகளும் தொடங்குகின்றன. பாங்குரா மாவட்டத்தைச் சேர்ந்த விஷ்ணுபூர், மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர். இன்று அமைதியான சிற்றூர். நிலையத்து வாயிலில் 'டோட்டோ' என்னும் மின்வண்டியை அமர்த்திக்கொண்டால் கோயில்கள் அனைத்தையும் ஒரே நாளில் கண்டுவிடலாம்.

முதலில் கண்டது ராஸ்மஞ்சா. 1600-ஆம் ஆண்டில் மன்னர் வீர ஹம்பீர் எழுப்பியது. செம்புறைக்கல் மேடையின்மீது செங்கல்லாலான கூம்பு வடிவக் கூரை. சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள். இராச விழாவின்போது ஊரிலுள்ள கண்ணன் திருவுருவங்கள் யாவற்றையும் இங்கே கொணர்ந்து வைப்பராம். 1932-க்குப் பின் அவ்வழக்கம் நின்றுவிட்டது. தேங்காய் பழத்துடன் வந்த என் மனைவி, பூசையில்லை என்றறிந்து முகம் வாடினாள். "கல்லும் இல்லை, சாமியும் இல்லை, இதுவும் ஒரு கோயிலா?" என்றாள்.

வங்கத்து வண்டல் நிலத்தில் சிற்பத்துக்கேற்ற கல் அரிது; மண்ணோ தாராளம். ஆகவே இந்நாட்டுச் சிற்பிகள் மண்ணில் உருவம் சமைத்துச் சூளையிலிட்டுச் சுவரில் பதித்தனர். 1643-இல் எழுந்த சியாமராயர் கோயிலுக்கு ஐந்து சிகரங்கள். 1655-இல் எழுந்த ஜோட் பங்களா, இரண்டு ஓலைக் குடிசைகளை ஒட்டவைத்தாற்போன்ற வடிவினது. இரண்டையும் கட்டியவர் இரகுநாத சிங்கர். இராமாயணப் போர், கண்ணனின் இராசலீலை, வேட்டை, படகுப் பயணம் என ஒரு சாண் இடமும் வெறுமையாக இல்லை. 1694-இல் கட்டிய மதனமோகனர் கோயிலில் இன்றும் வழிபாடு உண்டு. அங்கே கும்பிட்ட பின்னரே என் மனைவியின் மனம் ஆறிற்று.

தல்மாதல் என்னும் பெரிய இரும்புப் பீரங்கியையும் கண்டோம். 1742-இல் மராத்தியர் படையெடுத்தபோது மதனமோகனரே இதை வெடித்து ஊரைக் காத்தார் என்பது இவ்வூரார் நம்பிக்கை. முந்தானையில் கதைகளையே நெய்துவிடும் பாலுச்சரிப் பட்டுத் தறிகளும், துணியில் வண்ணம் தீட்டிய வட்டமான தசாவதாரச் சீட்டுகளும் இவ்வூரின் மற்றைச் சிறப்புகள்.

ஓரிரவு தங்கி, மறுநாள் பாஞ்ச்முடா என்னும் குயவர் சிற்றூருக்குச் சென்றோம். அங்கே என் மனைவி திகைத்து நின்றுவிட்டாள். முற்றம் முழுவதும் மண் குதிரைகள்! நிமிர்ந்த கழுத்து, விறைத்த செவி. கால், கழுத்து, முகம் ஆகியவற்றைத் தனித்தனியே சக்கரத்தில் வனைந்து இணைக்கிறார்கள். சூளையின் துளைகளைத் திறந்து விட்டால் சிவப்பு. அடைத்துப் புகையை உள்ளே தேக்கினால் கறுப்பு. இப்பக்கத்து மக்கள் நேர்ந்துகொண்டு கிராம தெய்வங்களுக்கு இக்குதிரைகளைச் செலுத்துகிறார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கும் குதிரைகளை என் மனைவி தமிழில் சொல்லச் சொல்ல, மகள் வங்காளத்தில் முதிய குயவரிடம் எடுத்துரைத்தாள். "உங்கள் சாமிக்குக் குதிரை எதற்கு?" என்று அவர் கேட்டார். "இரவில் ஊரைச் சுற்றிக் காவல் காக்க" என்றாள் என் மனைவி. பெரியவர் மகிழ்ந்து, நல்லதொரு குதிரையைத் தாமே தேர்ந்தெடுத்து வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் இந்நாட்டார் ஒருவரோடு என் மனைவி அவ்வளவு நேரம் பேசி நான் கண்டதில்லை.

கட்டுரையை மகள் எழுதிவிட்டாள். "எங்கள் ஊர்க் குதிரை" என்று தலைப்பிட்டிருந்தாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

சங்கத்து அன்பர்களே! பிறந்த ஊருக்கு ஆண்டுதோறும் செல்லுங்கள். அது நம் கடமை. ஆனால் நம் குழந்தைகள் பிறந்த நாட்டையும் அவர்களுக்குக் காட்டுங்கள். விஷ்ணுபூருக்குக் குளிர்காலமே ஏற்றது. டிசம்பர்க் கடைசி வாரத்தில் மேளாவும் உண்டு. வெயிலுக்கு முன் காலையிலேயே கோயில்களைப் பார்த்துவிடுவது நலம். குதிரை வாங்குவோர் அதன் செவிகளைத் தனியே பொதிந்து எடுத்துவருக. எங்கள் குதிரையின் ஒரு செவி ரயில் நெரிசலில் உடைந்துவிட்டது. ஒட்டிவைத்திருக்கிறோம்.