பிரேக் கட்டை

எங்கள் வீதி முனையில் இருந்த சைக்கிள் கடை போன வருஷம் மூடப்பட்டபோது, அதனால் எனக்கு யாதொரு நஷ்டமும் நேரப் போவதில்லை என்றே எண்ணினேன். நான் சைக்கிள் ஏறுவதை விட்டு வெகு காலம் ஆயிற்று. வீட்டில் இருக்கும் வண்டி என் மனைவியினுடையது. இப்போது அதை ஓட்டுகிறவள் எங்கள் பெண். கடைக்காரர் தம்முடைய பம்பையும் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியையும் எடுத்துக் கொண்டு வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. காரியம் அவ்வளவோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1991-ஆம் வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு கூடச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது மாவட்ட ஆட்சியாளராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு மிகுந்த ஊக்கம் அளித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கென்று செய்த வண்டிகள் அத்தனை பேருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே பலர் குறுக்கே பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பாரின் மேல் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அப்படி ஏறிய பெண்களில் என் சகதர்மிணியும் ஒருத்தி. பார் வைத்த அந்த வண்டி பிற்பாடு அவளுடைய சீர்வரிசைப் பாத்திரங்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதில் உள்ளது பழைய கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பி மேலே இழுக்கப்படும். லாடம் போல் வளைந்த இரும்பு ஒன்று எழும்பும். அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் போய்ப் பிடித்துக் கொள்ளும். முன் சக்கரத்துக்கு 2 கட்டை, பின் சக்கரத்துக்கு 2 கட்டை.

என் பெண் பிளஸ் ஒன் வகுப்பில் படிக்கிறாள். ஆடி மாதத்தில் வாங்கிக் கொடுத்த செருப்பு புரட்டாசிக்குள் அடி தேய்ந்து ஓடாய்ப் போயிருப்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பணத்தின் அருமையைப் பற்றியும், நான் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு நடந்ததைப் பற்றியும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். (நான் வெறுங்காலோடு நடந்தது ஒரே ஒரு வருஷந்தான். ஆனால் பிரசங்கத்தில் அதையெல்லாம் சொல்வது வழக்கமில்லை.) அவள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "பிரேக் பிடிக்கவில்லை அப்பா. காலைத் தேய்த்துத்தான் நிறுத்துகிறேன்" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்குக் குளத்தங்கரை மேட்டிலிருந்து சரிவில் இறங்க வேண்டும். சரிவு போய் முடிவது நெடுஞ்சாலையில். லாரிகளும் பஸ்களும் கண்மண் தெரியாமல் போகிற சாலை. எனக்குப் பேச்சு எழவில்லை. வண்டியைக் குனிந்து பார்த்தேன். ரப்பர் அநேகமாக இல்லை. இரும்புதான் ரிம்மைச் சுரண்டிக் கொண்டிருந்தது.

மறுநாள் டவுனுக்குப் போய் 4 கட்டைகள் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் திண்ணை ஓரத்தில் தலைகீழாக நிறுத்தி, ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. துருப்பிடித்த நட்டு அசைவேனா என்றது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்த பிறகு மனம் இரங்கியது. பிறகு இடைவெளிச் சங்கடம். கட்டை ரிம்முக்கு நெருங்கி இருந்தால் சக்கரம் சுற்றவில்லை. விலகி இருந்தால் கைப்பிடி முழுதும் மடங்கியும் பிடிக்கவில்லை. முன்கட்டைகள் இரண்டையும் பூட்டி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. வேஷ்டியின் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நலம்.

பின்கட்டைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று, வெள்ளோட்டத்துக்குப் புறப்பட்டேன். "நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று பெண் வந்தாள். கூடாது என்று சொல்லி நானே ஏறினேன். அந்த ஒரு காரியத்துக்காக என்னை நானே இன்றைக்கும் மெச்சிக் கொள்கிறேன்.

சரிவில் முதல் தடவை அழுத்தினபோது வண்டி அருமையாகத் தயங்கியது. இரண்டாவது தடவை அழுத்தினேன். ஏதோ நழுவியது, கறுப்பாக ஒன்று முன்னால் துள்ளி விழுந்தது. அப்புறம் கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்தேன். அதுவும் போதாமல் வண்டியைப் பக்கத்திலிருந்த கருவேலம் புதருக்குள் திருப்பினேன். முள்ளிலிருந்து தலையை எடுத்தபோது பத்தடி தூரத்தில் ஒரு பஸ் போயிற்று. அந்தக் குழந்தை எத்தனை நாள் காலையில் இதே இடத்தில் இப்படிக் காலைத் தேய்த்திருப்பாள் என்று நினைத்ததும் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்து சேர்ந்தேன். மனைவி என் நெற்றிக் கீறலை முதலில் பார்த்தாள். பிறகு முன் சக்கரத்தைப் பார்த்தாள்.

"தகரக் கூட்டைத் திருப்பிப் பூட்டியிருக்கிறீர்கள்" என்றாள்.

ரப்பரைத் தாங்கும் தகரக் கூட்டில் ஒரு முனை அடைத்திருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். வண்டி ஓடும்போது சக்கரத்தின் மேற்பாகம் முன்னோக்கிப் போகிறது அல்லவா? பிரேக் பிடித்தால் அது ரப்பரையும் முன்னால் இழுக்கும். அடைத்த முனை முன்னால் இருந்தால் ரப்பர் அதில் முட்டி நிற்கும். திறந்த முனை முன்னால் இருந்தால், நான் கண்டது போல், வெளியே ஓடிவிடும்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் கிராமத்திலிருந்து சைக்கிள் கடைக்கு நாலு மைல். யார் வந்து மாற்றிக் கொடுப்பார்கள்?"

"இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

"நீங்கள் கேட்கவில்லையே! இங்கேதான் கடைக்காரர் இருந்தாரே" என்று சொல்லி ஸ்பேனருக்குக் கையை நீட்டினாள்.

ஆனால் அவளும் பூட்டவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் சரிவுக்குப் போய் ரப்பரைத் தேடி எடுத்து வந்தேன். பின் சக்கரத்தில் கட்டை இருக்கும் இடத்தில் ரிம் கீழ்நோக்கி ஓடுவதால் அடைத்த முனை கீழே வர வேண்டும் என்று தாயார் சொல்லி முடிப்பதற்கு முன்பே பெண் திருப்பி வைத்துவிட்டாள். பொழுது மங்கிவிட்டபடியால் டார்ச் விளக்கைப் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெய்க் கையோடு ரிம்மைத் தொட்டதற்காக ஒரு தடவை வசவும் கிடைத்தது.

மறுநாள் காலையில் குளத்தங்கரையில் உலாவுகிறவன் போல நின்று கொண்டிருந்தேன். அவள் சரிவில் இறங்கினாள். பாதியில் வேகம் குறைந்தது. சாலை ஓரத்தில் வண்டி நின்றது. ஒரு காலை மட்டும் ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து போய்விட்டாள்.

அன்று மாலை அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தேன். அளவு கொஞ்சம் சிறிதாகப் போய்விட்டது.