காம்லா உப்சாலா: மேடுகளும் காணாத கோயிலும்

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 40 நிமிடங்களில் உப்சாலா நகரை அடைந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் சென்றால் வரும் சிற்றூர் காம்லா உப்சாலா, அதாவது பழைய உப்சாலா. கிறிஸ்தவம் வேரூன்றுவதற்கு முன் ஸ்வீடனில் அரசும் வழிபாடும் ஒருசேர மையம் கொண்டிருந்த இவ்வூரை ஒரே பகலில் பார்த்துத் திரும்பிவிடலாம்.

வருவோரின் கண்ணில் முதலில் படுபவை, பனியுகப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணல் முகட்டின் மேல் வரிசையாக எழும் மூன்று பெரும் புல்மேடுகள். இவை இயற்கைக் குன்றுகளே என்று சிலர் வாதிட்டுவந்த நிலையில், 1846-47இல் பிரூர் எமில் ஹில்டெப்ராண்ட் கிழக்கு மேட்டை அகழ்ந்து, எரியூட்டப்பட்ட உடலின் எச்சங்களைக் கண்டபோது அவ்வாதம் முடிவுற்றது. மேற்கு மேடு 1874இல் அகழப்பட்டது. மேடுகள் ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. எனவே வைக்கிங் காலம் எனப்படும் கடலோடிகளின் காலத்துக்கு முந்தையவை. ஆவுன், எகில், ஆதில்ஸ் ஆகிய பழங்கதை மன்னர்கள் இவற்றில் உறங்குவதாக மரபு கூறினும், அதை உறுதிப்படுத்தும் சான்று மேடுகளுக்குள் கிடைக்கவில்லை.

இவ்வூரின் புகழுக்குப் பெருங்காரணம் பிரேமன் நகரத்து ஆதாம் என்ற ஜெர்மானியத் திருச்சபை வரலாற்றாசிரியர் 1070களில் எழுதிய குறிப்பு. பொன்னால் அணிசெய்யப்பட்ட கோயிலில் இடிக்கடவுள் தோர் நடுவிலும், போர்க்கடவுள் ஓதினும் வளமைக் கடவுள் பிரிக்கோவும் இருபுறங்களிலும் வீற்றிருந்தனர் என்றும், ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்த பெருவிழாவில் ஒவ்வோர் உயிரினத்திலும் ஒன்பது ஆண்கள் பலியிடப்பட்டு அருகிலிருந்த புனிதத் தோப்பில் தொங்கவிடப்பட்டனர் என்றும் அவர் எழுதுகிறார். ஆனால் அவர் இவ்விடத்தை நேரில் கண்டவரல்லர். பழைய சமயத்தை ஒழிக்க முனைந்த திருச்சபையின் தரப்பிலிருந்து, பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். 1926இல் சூனே லிண்ட்க்விஸ்ட் இன்றைய தேவாலயத்தின் அடியில் கண்ட தூண்குழிகளைக் கொண்டு அக்கோயிலின் உருவம் வரையப்பட்டதும் அவசரமே. அக்குழிகள் ஒரே கட்டடத்துக்குரியவை என நிறுவப்படவில்லை. ஆதாமின் சொல்லைக் காட்டிலும் மண்ணின் சான்றே இங்கு மதிக்கத்தக்கது. ரயில்பாதைப் பணிக்காக அண்மையில் நடந்த அகழாய்வில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 144 மரத்தூண்கள் நின்ற தடங்கள் வெளிப்பட்டன என்பது, எழுத்தில் எவரும் பதிந்திராத ஒரு பெருமுயற்சியை நமக்குக் காட்டுகிறது.

கருங்கல்லால் ஆன தேவாலயம், 1164இல் ஸ்வீடனின் முதல் பேராயர் பீடமான பேராலயத்தின் எஞ்சிய பகுதி. தீயினால் அது சிதைந்தபின், 1273இல் பீடமும் உப்சாலா என்ற பெயரும் தெற்கிலிருந்த வணிக ஊருக்குப் பெயர்ந்தன. சுவரில் பதிக்கப்பட்ட ரூனிக் கல், அதாவது பண்டை வடபுல எழுத்துகள் பொறித்த நினைவுக்கல், இங்கிலாந்துக்குப் பயணம் செய்த ஒருவர் எழுப்பியது. வெப்பமானியின் அளவுமுறைக்குப் பெயர் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1744இல் இத்தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நேரம் மிஞ்சுவோர் வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், பிரீஸ் ஆற்றங்கரையிலுள்ள வால்ஸ்யார்டேயைக் காணலாம். அங்கே படகுகளோடு புதைக்கப்பட்டோரின் கல்லறைகளில் கிடைத்த தலைக்கவசங்களும் வாள்களும் உப்சாலாவின் ‘குஸ்தாவியானும்’ என்ற அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆதலால் திரும்பும் வழியில் அதையும் பார்த்தல் நலம்.