ஈரம் காயாத ஏடுகள்

காலாண்டு விடுமுறை முடிந்தால் பள்ளிகளில் குழந்தைகள் நாள் விழா, அறிவியல் கண்காட்சி, அரையாண்டுத் தேர்வு என நாட்கள் விரையும். 2015-இல் அவ்வோட்டம் தடைப்பட்டது. டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் ஊரப்பாக்கத்துத் தெருக்களும் மூழ்கின. அரையாண்டுத் தேர்வு 2016 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பள்ளி மீண்டும் திறந்த வாரம், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதிய இடைவேளையிலும் எழுதிக்கொண்டிருந்தான்.

"செய்யாமல் விட்ட வீட்டுப்பாடமா?" எனச் சற்றுக் கடிந்தே கேட்டேன்.

"இல்லை, ஃபாதர். என் நண்பனுடைய நோட்டெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. அவனுக்காக எழுதுகிறேன்" என்றான். அவன் பார்த்தெழுதிய ஏடும் ஈரத்தில் உப்பியிருந்தது.

பகிர்தலைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியவன் நான். அன்று அம்மாணவன்முன் தலைகுனிந்து நின்றேன். நனைந்த பாடநூல்களுக்கு மாற்றாக அரசு புதியவற்றை வழங்கியது. தொலைந்த குறிப்பேட்டை மீட்டுத்தர ஒரு நண்பனின் கை வேண்டியிருந்தது.